பிளக் பெரிதானால் கரண்ட் கூடுமா?

கல்யாண ஜவுளி எடுக்கச் சென்னைக்குப் போய்வரும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழ்க் குடும்பங்களின் பெட்டியில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே ஒரு மிக்ஸி இருக்கும். துணிந்தவர்கள் கிரைண்டரையே தூக்கி வருவார்கள். வீட்டுக்கு வந்து பிரித்த பிறகுதான் சிக்கல்: பிளக் சுவரில் நுழையாது. உடனே ஆளுக்கொரு விளக்கம் கிளம்பும். "இந்தியா கரண்ட் வேற, நம்ம கரண்ட் வேற" என்பார் மாமா. "சின்ன பிளக் லோ வோல்டேஜ், நம்ம பெரிய பிளக்கில் போட்டால் மோட்டார் பொசுங்கிடும்" என்பார் பக்கத்து வீட்டு அண்ணன். "ஓர் அடாப்டர் போடுங்க, அது கரண்ட்டைக் குறைச்சுக் கொடுக்கும்" என்று கடையிலேயே சொல்வார்கள். நாலாவதாக ஒருவர், "மேலே இருக்கிற பின் சும்மாதான், அதை வெட்டிடு" என்பார்.

நாலும் தவறு. முதல் மூன்றை நம்பினால் பணம் வீணாகும், நாலாவதை நம்பினால் உயிர் போகலாம். இத்தனைக்கும் இதில் பெரிய கணக்கு எதுவும் கிடையாது. பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும்.

டர்பன் பேச்சில் சுவரில் இருப்பதும் பிளக்தான், வயர் நுனியில் இருப்பதும் பிளக்தான். இந்தக் கட்டுரை முழுக்க, குழிகளோடு சுவரில் இருப்பதை சாக்கெட் என்றும், பின்களோடு வயர் நுனியில் இருப்பதை பிளக் என்றும் சொல்கிறேன்.

## ஜோஜோ டேங்கும் மிக்ஸியும்

டர்பனில் குழாய்த் தண்ணீர் நின்றுபோவது புதிதில்லை. அதனால் நம்மவர்கள் நிறைந்த சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் பல வீட்டு ஓரங்களில் ஜோஜோ டேங்க் என்கிற பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. அதை மேடை கட்டி உயரத்தில் வைத்தால் தண்ணீர் அழுத்தமாக வரும். தரையில் வைத்தால் அழுத்தம் குறையும். மின்சாரத்தில் இந்த அழுத்தத்துக்குப் பெயர் வோல்டேஜ். அதை வோல்ட் கணக்கில் அளக்கிறோம். குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது போல, வயரில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பதுதான் கரண்ட். அதன் அளவு ஆம்பியர்.

டேங்கிலிருந்து இரண்டங்குலக் குழாய் போட்டு, நுனியில் ஒரு டேப் வைத்திருக்கிறீர்கள். டேப்பைக் கொஞ்சமாகத் திறந்தால் நூல்போலத்தான் தண்ணீர் வரும். குழாய் பெரிதாக இருக்கிறதே என்று தண்ணீர் சீறிப் பாய்ந்து டேப்பைப் பிய்த்துக்கொண்டு போவதில்லை. எவ்வளவு ஓடவேண்டும் என்று முடிவு செய்வது டேப். எவ்வளவு வரை தாங்கும் என்பதுதான் குழாயின் கணக்கு.

டேப் இருந்த இடத்தில் மிக்ஸியை வையுங்கள், குழாய் இருந்த இடத்தில் பிளக்கையும் சாக்கெட்டையும் வையுங்கள். 15 ஆம்பியர் பிளக் என்றால் அந்த பிளக் 15 ஆம்பியர் வரை தாங்கும் என்று பொருள். செருகிய பொருளுக்குள் 15 ஆம்பியரைத் திணிக்கும் என்று பொருளில்லை.

மூன்றாவது அளவு வாட். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வருவது. பொருளின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் இது அச்சிட்டிருக்கும். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் அந்தப் பொருள் எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று தெரிந்துவிடும். 750 வாட் மிக்ஸியை 230 வோல்ட்டில் ஓட்டினால் 3.3 ஆம்பியர். 2,000 வாட் கெட்டில் 8.7 ஆம்பியர். சாதாரண போன் சார்ஜர் 0.1 ஆம்பியரைக்கூடத் தொடாது.

இந்திய வீடுகளில் வருவது 230 வோல்ட், நொடிக்கு 50 சுற்று. தென்னாப்பிரிக்காவிலும் அதே 230 வோல்ட், அதே 50 சுற்று. ஆகவே மாமா சொன்ன "வேற கரண்ட்" கிடையாது. மைலாப்பூரில் 3.3 ஆம்பியர் இழுத்த மிக்ஸி சாட்ஸ்வர்த்திலும் 3.3 ஆம்பியர்தான் இழுக்கும். வேறுபட்டிருப்பது பிளக்கின் வடிவம் மட்டும்.

இதுவரை பார்த்தது: வோல்ட் என்பது அழுத்தம், அதை ஊருக்கு வரும் லைன் தீர்மானிக்கிறது. ஆம்பியர் என்பது ஓட்டம், அதைச் செருகிய பொருள் தீர்மானிக்கிறது. பிளக் இரண்டையும் தீர்மானிப்பதில்லை.

## அப்படியானால் ஏன் இத்தனை சைஸ்?

இதற்கு பிரிட்டன் வரை போகவேண்டும். மின்சாரம் முதலில் வீட்டுக்குள் வந்தது விளக்குக்காக. சாக்கெட் என்ற யோசனையே பிறகு வந்ததுதான். அயர்ன்பாக்ஸ் வாங்கியவர்கள் பல்பைக் கழற்றிவிட்டு, அந்த ஹோல்டரிலேயே மாட்டிக்கொள்ளும் ஒரு அடாப்டரைச் செருகி, கூரையிலிருந்து தொங்கும் வயரில் துணி தேய்த்தார்கள். பிரிட்டிஷ் முறையில் வயரிங் செய்த ஊர்களில் எல்லாம் இந்த வழக்கம் உண்டு. நம் பக்கம் பல்பைச் செருகித் திருகி மாட்டும் அந்த ஹோல்டரும் பிரிட்டிஷ்காரர் விட்டுப்போனதே.

பிறகு ஹீட்டர் வந்தது, கெட்டில் வந்தது. பிரிட்டனில் விளக்குக்கு ஒரு கட்டணம், சூடேற்றும் சாமான்களுக்கு வேறு கட்டணம் என்று பல இடங்களில் வைத்திருந்தார்கள். மீட்டர் தனி, வயர் தனி. விளக்கு லைனின் ஒல்லி வயரில் யாராவது ஹீட்டரைச் செருகிவிட்டால் வயர் சூடாகும். செருக முடியாதபடி வடிவத்தையே மாற்றிவிடுவதுதான் தடுக்கும் வழி. சின்ன லைனுக்குச் சின்னக் குழி, பெரிய லைனுக்குப் பெரிய குழி. பெரிய பிளக்கைச் சின்னக் குழியில் நுழைக்க முடியாது என்பதே ஒரு காவல். சைஸ் வேறுபாட்டுக்குக் காரணம் இதுதான், வோல்டேஜ் எங்கும் வரவில்லை.

உருண்டை பின் பிளக்குகளுக்கான பிரிட்டிஷ் தர வரையறை பி.எஸ். 546 என்ற பெயரில் 1934-ல் வெளிவந்தது. 2, 5, 15, 30 ஆம்பியர் என்று நான்கு சைஸ். 5 ஆம்பியர் பிளக்கின் கீழ்ப் பின்கள் சுமார் 5 மில்லிமீட்டர் கனம். 15 ஆம்பியரில் அவை 7 மில்லிமீட்டர், மேலே தனியாக இருக்கும் பின் 8.7 மில்லிமீட்டர்.

இந்த பிளக்குகள் கப்பலேறிப் பல ஊர் போயின. இந்தியா 5-ஐயும் 15-ஐயும் வைத்துக்கொண்டது. இன்றைய இந்தியத் தரத்தில் அவற்றை 6 ஆம்பியர், 16 ஆம்பியர் என்று குறிக்கிறார்கள். தென்னாப்பிரிக்கா 15-ஐயே வீட்டுக்கான பொது பிளக்காக்கிக்கொண்டு, தன் தரத்தில் 16 ஆம்பியர் என்று எழுதிக்கொண்டது. 5 ஆம்பியர் சாக்கெட்டும் இங்கே இருந்தது. பழைய வீடுகளில் மேஜை விளக்குக்கென்று வைத்த குட்டி சாக்கெட்டை இன்னும் எங்காவது பார்க்கலாம். வேடிக்கை என்னவென்றால் பிரிட்டனே இதைக் கைவிட்டுவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் செம்பைச் சிக்கனமாகச் செலவிடும் வயரிங் முறைக்கு மாறி, 1947-ல் தட்டை பின் வைத்த 13 ஆம்பியர் பிளக்கைக் கொண்டுவந்தது. பெற்றவர்கள் மறந்த பிள்ளையை நாம்தான் வளர்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஆக, சென்னை மிக்ஸியின் சின்ன பிளக்கும் சாட்ஸ்வர்த் சுவரின் பெரிய சாக்கெட்டும் ஒரே 1934 குடும்பம். இந்தியாவில் ஏசிக்கும் கீசருக்கும் போடுகிற பெரிய பிளக்கைக் கொண்டுவந்தால் நம் சாக்கெட்டில் நேராகவே உட்காரும்.

## அந்த மேல் பின் எதற்கு?

கீழே இருக்கும் இரண்டு பின்களில் ஒன்றின் வழியே மின்சாரம் வருகிறது: லைவ். இன்னொன்றின் வழியே திரும்பிப் போகிறது: நியூட்ரல். மிக்ஸி ஓட இந்த இரண்டும் போதும். இதனால்தான் மேல் பின் தண்டம் என்ற எண்ணம் வருகிறது.

அந்தப் பின் எர்த். அது பொருளின் உலோக உடம்பை வீட்டின் எர்த் வயரோடு இணைக்கிறது. எல்லாம் ஒழுங்காக இருக்கும்வரை அதில் மின்சாரம் ஓடாது. அயர்ன்பாக்ஸுக்குள் லைவ் வயர் நைந்து உலோகத்தைத் தொடுகிறது என்று வையுங்கள். எர்த் இருந்தால், அந்த நொடியே லைவிலிருந்து எர்த் வழியாகப் பெரும் கரண்ட் பாய்ந்து, போர்டில் இருக்கும் பிரேக்கர் விழுந்துவிடும். பிரேக்கர் என்பது அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானே லைனை அறுக்கும் சுவிட்ச். எர்த் இல்லையென்றால் ஒன்றும் நடக்காது. அயர்ன்பாக்ஸ் சூடாகும், துணி மடிப்பு நேராகும், உடம்பு முழுக்க 230 வோல்ட்டோடு அது காத்திருக்கும். ஈரக் கையோடு யாராவது தொடும்போது அவர் உடம்பு வழியாக மின்சாரம் தரைக்குப் போகும்.

பல்ப் ஹோல்டரில் மாட்டிய அந்தக் கால அயர்ன்பாக்ஸின் ஆபத்து இதுதான். அந்த ஹோல்டரில் இரண்டே முனை, எர்த்துக்கு இடமே இல்லை. தாத்தா, ஆயா காலத்தில் அப்படித் தேய்த்து யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. ஆனவர்கள் வந்து சொல்ல மாட்டார்கள்.

மேல் பின் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பதும் காரணத்தோடுதான். செருகும்போது அது முதலில் தொடும், பிடுங்கும்போது கடைசியில் விடும். மின்சாரம் பொருளுக்குள் இருக்கும் நேரம் முழுக்க எர்த்தும் இருக்கும். பல சாக்கெட்டுகளில் கீழ்க் குழிகளை மூடியிருக்கும் சின்னத் தட்டியைத் திறப்பதும் இந்தப் பின்தான். மேல் குழியில் பேனாவையோ ஸ்க்ரூ டிரைவரையோ விட்டுத் தட்டியைத் திறந்து, கீழே வெறும் வயர்களைத் தீக்குச்சி வைத்து இறுக்குகிற வித்தையைப் பார்க்காத ஆள் இருக்க முடியாது. குழந்தை கைவிடக்கூடாது என்று வைத்த கதவை நாமே திறந்து முட்டுக்கொடுத்து வைக்கிற வேலை அது.

இரண்டே பின்னோடு வரும் சார்ஜர், டிவி, ஷேவர் எல்லாம்? தகட்டில் பாருங்கள், ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்டிருக்கும். இரட்டைக் காப்பு என்று பொருள். உள்ளே என்ன நைந்தாலும் கைபடும் இடத்துக்கு மின்சாரம் வராதபடி இரண்டு அடுக்காக மூடித் தயாரித்திருக்கிறார்கள். அவற்றுக்கு எர்த் தேவையில்லை. மூன்று வயரோடு பிறந்த பொருளுக்கு மூன்றும் வேண்டும்.

## "எர்த் லீக்கேஜ் இருக்கிறதே, என்ன பயம்?"

இந்தக் கேள்வியை தென்னாப்பிரிக்காவில் அடிக்கடி கேட்கலாம். கேட்பதற்கு நியாயமும் உண்டு, ஏனென்றால் இந்தக் கருவியின் வரலாற்றில் இந்த நாட்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

எர்த் லீக்கேஜ் என்பது டீபி போர்டில், அதாவது பிரேக்கர்கள் இருக்கும் அந்தப் பலகையில், டெஸ்ட் பட்டனோடு இருக்கும் சுவிட்ச். அது செய்வது எளிய கணக்கு. லைவில் போன கரண்ட் அத்தனையும் நியூட்ரலில் திரும்ப வேண்டும். போனது 9 ஆம்பியர், வந்தது அதைவிடக் கொஞ்சம் குறைவு என்றால் மிச்சம் வேறு வழியில், ஒருவேளை ஒருவர் உடம்பு வழியாக, போகிறது. உடனே லைனை அறுத்துவிடும். வீட்டில் வைப்பது 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்துக்கே விழும். ஒரு ஆம்பியரில் ஆயிரத்தில் முப்பது பங்கு.

1950களின் தொடக்கத்தில் இருந்த கருவிகள் இதில் மந்தம். பல ஆம்பியர் கசிந்தால்தான் விழும், அதற்குள் ஆள் காலி. ஜோகன்னஸ்பர்க் பக்கத்து ஆல்பர்டனில் வேலை பார்த்த ஹென்றி ரூபின் என்ற பொறியாளர் 1955-ல் தங்கச் சுரங்கங்களுக்காக 250 மில்லி ஆம்பியருக்கு விழும் கருவியைச் செய்தார். அடுத்த ஆண்டே 20 மில்லி ஆம்பியருக்கும் கீழே இறக்கிவிட்டார். 1970களின் நடுவில் சாக்கெட் லைன்களுக்கு எர்த் லீக்கேஜ் இங்கே கட்டாயமாகிவிட்டது. பல பணக்கார நாடுகளின் வீடுகளில் அப்போது அது இல்லை.

ஆனால் அதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். எர்த் பின் இருந்தால், கோளாறு உண்டான நொடியே சுவிட்ச் விழும். எர்த் பின்னை வெட்டியிருந்தால், யாராவது தொட்டு ஷாக் அடித்த பிறகுதான் விழும். ஆள் பிழைக்கலாம், ஆனால் கண்டுபிடிக்கும் கருவியாக அவர் ஆகிவிடுகிறார். இரண்டாவது, லைவுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் ஆளே மாட்டிக்கொண்டால் போனதும் வந்ததும் சமம். எர்த் லீக்கேஜுக்கு ஒன்றும் தெரியாது. மூன்றாவது, அடாப்டர் சூடாகி உருகுவது அதன் கண்ணுக்கே படாது. அந்த மூன்றாவதுதான் அடுத்த விஷயம்.

சுருக்கமாக: எர்த் பின் ஆள் தொடுமுன்பே கோளாறைக் காட்டிக்கொடுக்கும் வழி, எர்த் லீக்கேஜ் ஆள் தொட்டுவிட்டாலும் காக்கும் வழி. ஒன்று இருக்கிறதே என்று மற்றதைக் கழற்றக் கூடாது.

## அடாப்டர் என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை

ஒரு பழைய அடாப்டரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஏமாற்றம்தான். மூன்று பித்தளைத் துண்டுகள், சுற்றிலும் ஒரு கூடு. பழையதென்றால் பழுப்பு பேக்லைட், இப்போதென்றால் வெள்ளை பிளாஸ்டிக். வோல்டேஜைக் குறைக்க அங்கே எதுவும் கிடையாது. வலதுபக்கம் வந்த 230 அப்படியே இடதுபக்கம் போகும். வோல்டேஜை மாற்றுவதற்குப் பெயர் டிரான்ஸ்ஃபார்மர். ஒரு கெட்டிலைத் தாங்குகிற டிரான்ஸ்ஃபார்மரைக் கையில் தூக்கினால் தோள் வலிக்கும்.

டொராண்டோவிலிருந்து வந்த தங்கை அங்கே வாங்கிய ரைஸ் குக்கரைப் பரிசாகக் கொண்டுவந்திருக்கிறாள் என்று வையுங்கள். அங்கே 120 வோல்ட். 500 வாட் குக்கரை அடாப்டர் போட்டு 230-ல் செருகினால் அழுத்தம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, அதனால் ஓட்டமும் இரண்டு மடங்கு, இரண்டையும் பெருக்கினால் 1,800 வாட்டைத் தாண்டும். சோறு வேகுமுன் குக்கர் வெந்துவிடும். அவளுடைய போன் சார்ஜருக்கு ஒன்றும் ஆகாது, தகட்டில் 100 முதல் 240 வரை என்று போட்டிருக்கும். பெட்டியைப் பார்க்கத் தேவையில்லை, தகட்டைப் படித்தால் போதும்.

இந்தியச் சாமானில் இந்த ஆபத்து இல்லை. ஆனால் அடாப்டரின் நிஜமான தொல்லை வோல்டேஜில் இல்லவே இல்லை. தொடுமிடத்தில் இருக்கிறது.

சாக்கெட்டில் பின் நுழைந்தால், உள்ளே இருக்கும் பித்தளை நாக்கு அதைக் கவ்விப் பிடிக்கவேண்டும். வருடக்கணக்கில் செருகிப் பிடுங்க, நாக்கு தளர்கிறது. கடற்கரை ஊரான டர்பனின் உப்புக் காற்றில் பித்தளை கறுத்துப்போகிறது. தளர்ந்த, கறுத்த இடத்தில் மின்சாரம் சுலபமாகப் போகாது. இந்த இடைஞ்சலுக்குப் பெயர் தடை, அளவு ஓம். தடை உள்ள இடத்தில் பிறக்கும் சூடு எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: கரண்ட்டைக் கரண்ட்டாலேயே பெருக்கி, தடையால் பெருக்கவேண்டும்.

தொடுமிடத் தடை 0.1 ஓம் என்று வைப்போம். மிகச் சிறியது. ஜூலைக் குளிரில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வீடு ஒன்றில் மல்டி பிளக்கில் 2,000 வாட் ஹீட்டர் போட்டிருக்கிறார்கள். 8.7 ஆம்பியர். அந்தத் தொடுமிடத்தில் பிறக்கும் சூடு 7.6 வாட். கை வைத்தால் வெதுவெதுப்பாகத் தெரியும், யாரும் கவலைப்படமாட்டார்கள். டீ போட அதே மல்டி பிளக்கில் 2,000 வாட் கெட்டிலும் செருகுகிறார்கள். கரண்ட் இரண்டு மடங்கு, 17.4 ஆம்பியர். சூடு இரண்டு மடங்கா? நாலு மடங்கு. 30 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயத்தை உருக்குகிற சோல்டரிங் அயர்ன் அவ்வளவுதான் இருக்கும். அதைச் சுவர்ப் பெட்டிக்குள், பிளாஸ்டிக்குக்கு நடுவில் வைத்து மூடியாயிற்று. சூடாகச் சூடாக நாக்கு இன்னும் தளரும், தடை இன்னும் கூடும், சூடு இன்னும் ஏறும்.

பிரேக்கர் என்ன செய்துகொண்டிருக்கிறது? சும்மா இருக்கிறது. நம் சாக்கெட் லைனில் வழக்கமாக இருப்பது 20 ஆம்பியர் பிரேக்கர். 17.4 அதன் எல்லைக்குள். எர்த் லீக்கேஜும் சும்மா இருக்கிறது, போனதும் வந்ததும் சமம் அல்லவா. கருகிய வாடை வந்து வீட்டுக்காரர் ஓடிவரும்வரை போர்டில் எல்லாம் நிமிர்ந்தே நிற்கும்.

பிரேக்கர் காப்பது சுவருக்குள் இருக்கும் வயரை. அதற்கு வெளியே நாம் செருகும் ஒல்லி வயரையும் மலிவு அடாப்டரையும் அதற்குத் தெரியாது. 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு வைத்த எக்ஸ்டென்ஷன் வயர் 6 ஆம்பியர் அளவுக்கானது. 1 சதுர மில்லிமீட்டர் என்றால் 10. ஆறுக்கும் இருபதுக்கும் இடையில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது, அங்கே காவல் யாரும் இல்லை. பிரிட்டனின் 13 ஆம்பியர் பிளக்குக்குள் தனி ஃபியூஸ் இருப்பது இதற்குத்தான். அங்கே சாக்கெட் லைன் வீட்டைச் சுற்றி வளையமாக 30 அல்லது 32 ஆம்பியரில் ஓடுவதால், ஒவ்வொரு பிளக்கும் தன் வயருக்கேற்ற ஃபியூஸை, 3 ஆம்பியரோ 13 ஆம்பியரோ, சுமந்தாக வேண்டும். நம் உருண்டை பின் பிளக்கில் ஃபியூஸ் கிடையாது. அந்தக் கணக்கைப் போடவேண்டியது செருகுகிற கைதான். அடியில் சின்னக் கட்-அவுட் பட்டன் வைத்த மல்டி பிளக் இரண்டு மடங்கு விலையென்றாலும் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

இத்தனை அடாப்டர் எங்கிருந்து வந்தன என்றால், சாக்கெட் பற்றாக்குறையிலிருந்து. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தால், டர்பனில் இந்தியர்கள் வாழ்ந்த கேட்டோ மேனரையும் மேகசின் பேரக்ஸையும் விட்டுக் கிளம்பிய குடும்பங்கள் 1960களில் சாட்ஸ்வர்த்தின் கவுன்சில் வீடுகளுக்கு வந்தன. பிரைமஸ் அடுப்பைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அறையில் ஒரு சாக்கெட் இருந்தாலே பெரிது. பிறகு ஃப்ரிட்ஜ் வந்தது, டிவி வந்தது, மைக்ரோவேவ், கம்ப்யூட்டர், கூட்டுக் குடும்பத்துக்குப் பின்கட்டு அறை எல்லாம் வந்தன. சாக்கெட் மட்டும் வரவில்லை. தீபாவளிக்குத் தொடர் விளக்கு போடும்போது ஓர் அடாப்டர் மேல் இன்னோர் அடாப்டர், அதன்மேல் மல்டி பிளக் என்று கோபுரம் எழும்பும். கூட்டிப் பார்த்தால் தொடர் விளக்கு இழுப்பது சொற்பம், அதற்காகப் பயப்படவேண்டாம். அதே கோபுரத்தில் யாராவது முறுக்குக்கு எண்ணெய்ச் சட்டி ஹாட்பிளேட்டைச் செருகினால் பயப்படுங்கள். லோட் ஷெடிங் முடிந்து கரண்ட் திரும்பும்போது ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர், ஹீட்டர் எல்லாம் ஒரே கணத்தில் இழுக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இந்தப் பகுதியில் பிடித்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. அடாப்டர் வடிவத்தை மட்டும் மாற்றும். சூடு, கரண்ட்டைக் கரண்ட்டாலேயே பெருக்கிய கணக்கில் ஏறும், அதை போர்டில் உள்ள எந்த சுவிட்சும் பார்க்காது.

## எந்த பிளக்கை என்ன செய்வது

ஐரோப்பாவிலிருந்து வரும் ஒல்லி இரண்டு பின் பிளக் 2.5 ஆம்பியருக்கானது. அடாப்டரில் போடலாம், கவலையில்லை.

ஜெர்மன் வகைத் தடித்த உருண்டை பிளக் கொஞ்சம் ஏமாற்றும். இரண்டு பின்தானே என்று தோன்றும். ஆனால் அதற்கு எர்த் பக்கவாட்டில், உலோகப் பட்டையாக இருக்கிறது. இரண்டு குழி மட்டும் உள்ள அடாப்டரில் செருகினால் பொருள் நன்றாக ஓடும், எர்த் மட்டும் காற்றில் தொங்கும். வாஷிங் மெஷினுக்கும் அயர்ன்பாக்ஸுக்கும் இது கூடாது. ஓரத்தில் உலோக நாக்கு வைத்த அடாப்டரைக் கேட்டு வாங்கவேண்டும்.

ஆபீஸிலும் ஆஸ்பத்திரியிலும் சிவப்பு சாக்கெட் இருக்கும். அதற்கான பிளக்கின் எர்த் பின் ஒரு பக்கம் தட்டையாகச் செதுக்கியிருக்கும். கம்ப்யூட்டருக்குத் தனி லைன். அதில் கெட்டில் செருகக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. கெட்டில் பிளக்கின் பின்னைத் தேய்த்து நுழைக்க அரம் எடுக்க வேண்டாம்.

சென்னை மிக்ஸிக்கு வருவோம். ஒரு வாரம் வந்து தங்கும் அத்தை கையோடு கொண்டுவந்த சாமானுக்கு அடாப்டர் சரி. வீட்டிலேயே இருக்கப்போகும் மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் அடாப்டர் எதற்கு? இந்திய பிளக்கை வெட்டிவிட்டு, ஹார்ட்வேர் கடையில் எஸ்ஏபிஎஸ் (தென்னாப்பிரிக்கத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையுள்ள 16 ஆம்பியர் பிளக் ஒன்றை வாங்கி மாட்டுங்கள். பழுப்பு வயர் லைவுக்கு, நீலம் நியூட்ரலுக்கு, பச்சையில் மஞ்சள் கோடு எர்த்துக்கு. பழைய சாமான்களில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், முழுப் பச்சை எர்த். வயரின் மேலுறையை பிளக்கின் கிளிப் கவ்வியிருக்க வேண்டும், இழுத்தால் திருகு முனைகளில் பாரம் விழக்கூடாது. தளர்வான தொடுமிடம் ஒன்று வீட்டிலிருந்து குறைந்தது. பொருளுக்குப் பதிலாக சாக்கெட்டே தளர்ந்திருந்தால், பிளக் தானாகச் சரிந்து விழுகிறதென்றால், சாக்கெட்டை மாற்ற எலக்ட்ரிஷியனைக் கூப்பிடுங்கள். பின்னைப் பிளந்து அகலமாக்கிச் செருகுவது இரண்டு வாரத்துக்குத்தான் நிற்கும்.

## சின்னதாக வந்திருக்கும் புது சாக்கெட்

சமீபத்தில் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் பெரிய சாக்கெட்டின் பக்கத்திலேயே அறுகோணம் போன்ற ஒரு சின்ன சாக்கெட்டைப் பார்த்திருப்பீர்கள். உலகம் முழுக்க ஒரே பிளக் இருக்கட்டும் என்று சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1986-ல் வெளியிட்ட வடிவம் அது. அதைக் கையிலெடுத்த நாடுகள் சொற்பம். பிரேசில் ஏறத்தாழ எடுத்துக்கொண்டது, தென்னாப்பிரிக்கா எடுத்துக்கொண்டது. புது வயரிங்கில் இந்த வகை சாக்கெட்டும் இருந்தாக வேண்டும் என்று 2018 வாக்கில் இங்கே விதியாயிற்று. ஒல்லி இரண்டு பின் சார்ஜர் அதில் அடாப்டர் இல்லாமலே உட்காரும், வீட்டு அடாப்டர்களில் பாதி இதனால் வேலையிழக்கும்.

அதன் பின்கள் வெறும் 4.5 மில்லிமீட்டர். நம் பழைய பிளக்கின் கீழ்ப் பின்னில் மூன்றில் இரண்டு பங்குதான். தாங்குவதோ அதே 16 ஆம்பியர். சின்ன பிளக் லோ வோல்டேஜ் என்று சொன்ன அண்ணனுக்கு இதைக் காட்டலாம். 1934-ல் தாராளமாகப் பித்தளை வைத்துக் கனமாக வடித்தார்கள், பின்னால் வந்தவர்கள் கவ்வும் நாக்கை நன்றாகச் செய்து பின்னை ஒல்லியாக்கினார்கள்.

பழைய சாக்கெட்டை யாரும் பிடுங்கச் சொல்லவில்லை. இருக்கிற வயரிங் இருக்கலாம். ஆனால் வீட்டை விற்கும்போது மின் இணைப்பு ஒழுங்காக இருப்பதற்கான தகுதிச் சான்றிதழ் வேண்டும், அது இரண்டு வருடத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது. சாட்ஸ்வர்த்தின் பழைய வீடுகளில் அந்தச் சோதனைக்கு வருபவர் எர்த் இல்லாத சாக்கெட்டையும் பின்கட்டு அறைக்கு ஜன்னல் வழியாக இழுத்த எக்ஸ்டென்ஷன் வயரையும் எழுதிக்கொண்டு போவார். விற்கிற அவசரத்தில் மொத்தமாகச் செய்வதைவிட, முன்கூட்டியே அறைக்கு ஒன்றாக சாக்கெட் கூட்டிக்கொண்டே வந்தால் செலவும் தெரியாது, வாங்குகிறவருக்காகச் செய்த வேலையை அதுவரை நாமும் அனுபவிக்கலாம்.